டப்பாவுக்குள் நாலு தேள் குட்டிகள்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டி சாண்ட்லர் என்றொரு ஊர். கோடைக்கால இரவுகளில் அங்கே வீட்டுக் கொல்லைகளில் ஊதா வெளிச்சம் அலையும். திருடர்கள் இல்லை, அந்தந்த வீட்டுக்காரர்கள்தான். ஒரு கையில் புறஊதா டார்ச், மறு கையில் நீளமான குறடு. மதில் சுவரில் வெளிச்சத்தை அடித்துக்கொண்டே போனால், வெறும் சாம்பல் கல்லாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று பச்சையும் நீலமும் கலந்து ஒரு தேள் பளபளக்கும். தேளின் மேலோட்டில் உள்ள சில வேதிப்பொருள்கள் புறஊதா ஒளி பட்டால் அப்படி மின்னும். தேளுக்கு அதனால் என்ன லாபம் என்று விஞ்ஞானிகள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தேடுகிறவர்களுக்கு லாபம்தான்.

சாண்ட்லரில் கணினிச் சிப் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலை இருப்பதால் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக உண்டு. அப்படி ஒரு வீட்டுக்கு, மகனோடு ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பத்தா வந்திருந்தார். பேரனுக்கு 11 வயது. பேத்திக்கு 9 மாதம். தவழ ஆரம்பித்து, தரையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து வாயில் வைக்கிற பருவம். இந்த இரண்டு வயதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் மாதத்தில் பேரனின் பக்கத்து வீட்டு நண்பன் குடும்பத்தோடு டெக்சாஸுக்குக் குடிபோனான். போகும்போது தன் சொத்துகளில் ஒன்றை இவனுக்குக் கொடுத்தான். ஒரு பிளாஸ்டிக் டப்பா. அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணல், ஓரமாக ஒரு மரப்பட்டைத் துண்டு. மூடியின் நடுவில் வட்டமாக வெட்டி, காற்றுக்காக வலைத்துணி ஒட்டியிருந்தது. உள்ளே நாலு தேள் குட்டிகள். வாலை நீட்டினால்கூட ஒரு அங்குலம் தேறாது. எல்லாம் வெளிர் வைக்கோல் நிறம். டப்பாவின் மேல் ஒரு சீட்டு: ‘டெசர்ட் ஹேரி - பேபி’.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு டெசர்ட் ஹேரி என்றால் தனி மவுசு. வட அமெரிக்காவிலேயே பெரிய தேள் அது. வளர்ந்தால் 14 சென்டிமீட்டர் வரை வரும். உடம்பெல்லாம் பழுப்பு முடி. பார்க்க பயங்கரமாக இருக்கும், கொட்டினால் தேனீ கொட்டிய மாதிரி வலியோடு பெரும்பாலும் போய்விடும். நல்ல ஆயுசும் உண்டு என்பதால் செல்லப்பிராணியாக வளர்ப்பவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர்.

அம்மா முதலில் “வீட்டுக்குள்ள கொண்டு வராதே” என்றுதான் சொன்னார். பிறகு அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தார். பெரிய ஆபத்தில்லாத ஜாதி என்று இருந்தது. பையனின் முகத்தையும் பார்த்தார். நண்பன் போன துக்கம் வேறு. “உன் ரூம்ல, உயரமான ஷெல்ஃப்ல வெச்சுக்கோ. பாப்பா கிட்ட வரவே கூடாது” என்று அனுமதி கொடுத்துவிட்டார். ஆக, அந்த வீட்டுக்குள் நாலு தேள்கள் நுழைய வழிவிட்டது ஒரு பெயர்ச் சீட்டு. அதை எழுதியவனுக்கும் வயது 11.

அப்பத்தாவுக்குத் தகவல் மறுநாள்தான் தெரிந்தது. தேளை யாராவது வளர்ப்பார்களா என்று ஒரு நாள் முழுக்கப் புலம்பினார். அவர் ஊரில் தேளில் மூன்று வகை. நட்டுவாக்காலி, கருந்தேள், செந்தேள். ஆள் உயரத்துக்கு ஏற்ற மரியாதை நட்டுவாக்காலிக்குத்தான். கருகருவென்று உள்ளங்கை நீளம், நண்டு மாதிரி இரண்டு பெரிய கைகள். அதைக் கண்டால் ஊரே அலறும். ஆனால், உயிரை எடுப்பது அதைவிடச் சிறிய செந்தேள்.

“என் தம்பிக்கு நாலு வயசு. நெல்லு மூட்டைக்குச் சந்துல கைய விட்டான். கொட்டின இடத்துல வீக்கம்கூட இல்ல. வேர்வையா ஊத்துச்சு, வாந்தி எடுத்தான், கை காலு சில்லுன்னு போயிருச்சு. மந்திரிச்சுட்டு வர்றதுக்குள்ள…” என்று பேரனிடம் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

அப்பத்தா சொன்ன அடையாளங்கள் அத்தனையும் மருத்துவப் புத்தகத்தில் இருக்கிற செந்தேள் விஷத்தின் அறிகுறிகள். விஷம் நரம்புகளைக் கிளறிவிட்டு, இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் கிராமத்து நோயாளிகளைப் பார்த்துவந்த மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரையை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். 1980களில் அவர் எழுதியது லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. அதுவரை கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்க ஆரம்பித்தார்கள். 2022ஆம் ஆண்டு அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்பத்தாவின் தம்பி இறந்தது அந்த மாத்திரைக்கு முன்னால்.

இருந்தாலும் பேரன் ஆசையாக வளர்க்கிறான் என்பதால், தினமும் ஒருமுறை அந்த டப்பாவை எட்ட நின்று பார்ப்பார். மூன்றாம் நாள் ஒரு வார்த்தை சொன்னார். “ஏன்டா ராசா, இது கைய பாரு. நூல் மாதிரி இருக்கு. நம்மூருச் செந்தேளுக்கும் இப்படித்தான் இருக்கும்.”

“பேபி அப்பத்தா. பெருசானா கையும் பெருசாகும்” என்றான் அவன். சீட்டில் எழுதியிருக்கிறதே!

பேரன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்பதுதான் இதில் சிக்கல். தேள் குட்டியைப் பார்த்து ஜாதி சொல்வது பெரிய தேளைப் பார்த்துச் சொல்வது மாதிரி இல்லை. தேள் முட்டையிடாது, குட்டி போடும். பிறந்த குட்டிகள் பால் வெள்ளையாக, மாவில் பிடித்த பொம்மை மாதிரி இருக்கும். தாயின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இரையெடுக்காது, கொட்டவும் வராது. ஒன்றிரண்டு வாரத்தில் முதல் சட்டையை உரித்த பிறகுதான் இறங்கித் தனியாகப் போகும். அப்போது பெரும்பாலான ஜாதிகள் ஒரே மாதிரி வெளிறிப்போய்த்தான் இருக்கும். கருப்பு, மஞ்சள், பட்டை, வரி எல்லாம் அடுத்தடுத்துச் சட்டை உரிக்கும்போது மெல்ல மெல்ல ஏறும். ஐந்தாறு முறை உரித்தால்தான் பெரிய தேள். ஆகவே, குட்டியின் நிறத்தை வைத்துப் பெயர் சொல்கிறவர் ஜோசியம் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம்.

‘கை தடித்தால் விஷம் குறைவு, வால் தடித்தால் விஷம் அதிகம்’ என்றொரு விதி தேள் வளர்ப்பவர்களிடையே சுற்றுகிறது. நட்டுவாக்காலிக்கு அது பொருந்தும். அரிசோனாவில் கால்வாசிதான் பொருந்தும். அந்த மாநிலத்தின் ஆபத்தான தேளுக்குப் பெயர் பார்க் ஸ்கார்பியன், தமிழில் பட்டைத் தேள் எனலாம். அமெரிக்காவில் இருக்கும் தேள்களில் விஷம் அதிகம் உள்ளது அதுதான். அதற்குக் கை மெலிவு, வாலும் மெலிவு. வால் ஒல்லியாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால் போச்சு. அதிலும் குட்டிப் பருவத்தில் பல ஜாதிகளுக்குக் கை, பெரிசானால் இருக்கும் அளவுக்குத் தடித்திருக்காது.

ஒரு சனிக்கிழமை காலை. அப்பா அலுவலக வேலையாக ஓரிகன் மாநிலத்துக்குப் போயிருந்தார். பேரன் எழுந்து டப்பாவைப் பார்த்தான். மணலில் ஒரே ஒரு குட்டி, மரப்பட்டைக்கு அடியில் குழி பறித்துக்கொண்டிருந்தது. மற்ற மூன்றையும் காணோம்.

வெளியிலிருந்தே டப்பாவைச் சாய்த்துப் பார்த்தான். பட்டைக்கு அடியிலும் இல்லை. கூடத்துக் கம்பளத்தில் தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள்.

அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தவர் இறக்கவே இல்லை. திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். புறஊதா டார்ச்சை எடுத்துக்கொண்டு பையன் கம்பளத்தில் மண்டியிட்டான். சலவைத்தூள் வெளுப்பெல்லாம் அந்த ஒளியில் மின்னும் என்பது அன்றைக்குத்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. பாப்பாவின் சட்டை, தலையணை உறை, கீழே கிடந்த பஞ்சுத் துணுக்கு எல்லாம் நீலமாக ஜொலித்தன. ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை நெஞ்சு அடைத்தது. அதைவிட மோசம், புதிதாகச் சட்டை உரித்த தேளின் உடம்பு மறுபடி இறுகும் வரை சரியாக மின்னாது. அதைப் புத்தகத்தில் படித்திருந்த பையன், அம்மாவிடம் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கட்டிலை நகர்த்தினார்கள், செருப்புகளை உதறினார்கள். அப்பத்தா மட்டும் டப்பா இருந்த அலமாரிக்கே திரும்பத் திரும்பப் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, டப்பாவின் பக்கவாட்டிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தார்.

“ஏத்தா, இங்க வா. மூடிக்கு அடியில பாரு.”

மூடியில் ஒட்டியிருந்த வலைத்துணியின் உட்பக்கத்தில் மூன்றும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றோடொன்று நெருங்கி, வாலைப் பக்கவாட்டில் சுருட்டி வைத்துக்கொண்டு, அசையாமல். பையன் காலையில் மூடியைத் திறந்திருந்தால் அவன் விரலுக்கும் அவற்றுக்கும் நடுவே ஒன்றுமே இருந்திருக்காது.

“நம்ம ஊருல சொளக எடுத்தா அடிப்பக்கத்தத் தட்டித்தான் எடுப்போம். உரலோ கல்லோ, எத நகட்டினாலும் கீழ் மொகத்தப் பாக்கணும்” என்றார் அப்பத்தா. டப்பாவை ஓர் அகலமான பேசினில் வைத்து, சுற்றிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். சர்க்கரை டப்பாவுக்கு எறும்பு வராமல் செய்கிற அதே ஏற்பாடு. பேசினைத் துணி துவைக்கும் அறையில் வைத்துக் கதவைப் பூட்டினார்கள். கதவிடுக்கில் ஈரத் துண்டு. தேள் தடுப்பில் அது எத்தனாம் தரமோ தெரியாது, ஆனால் அம்மா அன்றிரவு அதை நம்பித்தான் கண்ணை மூடினார்.

பேரனுக்கு அழுகை வந்தது. வெட்கம் கொஞ்சம், பயம் கொஞ்சம். அதற்குப் பிறகு வேறொன்று வந்தது. மூன்று தொங்குகின்றன, ஒன்று மட்டும் ஏன் குழி பறிக்கிறது?

அந்தக் கேள்விக்குப் பதில் ஃபீனிக்ஸைச் சுற்றி இருக்கும் மேரிக்கோப்பா கவுண்டியின் பூங்காக்களில் கிடைக்கும். வெயில் காலத்தில் அங்கே ‘தேள் பார்க்கும் நடை’ என்று இரவில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆளுக்கொரு ஊதா டார்ச். இவர்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் ஒரு பூங்கா. அங்கே ரேஞ்சராக இருந்த பெண்மணிக்கு அம்மா தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். மூடியைத் திறக்காமல் டேப் சுற்றி, அப்படியே கொண்டு வரச் சொன்னார் அவர். நாலாம் நாள் போனார்கள். அதற்குள் தொங்கிய மூன்றில் ஒன்று சட்டை உரித்திருந்தது. வெறும் கூடு வலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரேஞ்சர் சீட்டைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “இதை எழுதியது யார்?” இரண்டாவது கேள்வி, “எங்கே பிடித்தது?” இரண்டாவதற்கு யாரிடமும் பதில் இல்லை. நண்பன் வெவ்வேறு இடத்தில் பொறுக்கி ஒரே டப்பாவில் போட்டிருக்க வேண்டும். இது அதிகம் நடக்கிறதாம். டெசர்ட் ஹேரி குட்டியாக இருந்தால் தாயைவிட்டு இறங்கும்போதே இவற்றைவிடப் பெரிசாக, முடியோடு இருக்கும் என்று சொல்லி, சீட்டை உரித்து ஓரமாக வைத்தார்.

முதல் தடயம் அப்பத்தா கண்டுபிடித்ததுதான். தலைகீழாகத் தொங்குவதும், வாலைப் படுக்கையாகப் பக்கத்தில் சுருட்டுவதும், நெருங்கி இருப்பதைப் பொறுத்துக்கொள்வதும் பட்டைத் தேளின் பழக்கம். மரப்பட்டை, சுவர், கூரை என்று ஏறும். சுத்தமான கண்ணாடியிலும் வழுவழுப்பான பிளாஸ்டிக்கிலும்தான் ஏற முடியாது. இந்த டப்பாவில் மரப்பட்டையைச் சாய்த்து வைத்திருந்ததால், அதை ஏணியாக்கி மூடிக்குப் போய்விட்டன. டெசர்ட் ஹேரியோ மண்ணைத் தோண்டி வாழ்வது. மூடியில் போய்த் தொங்காது.

பழக்கத்தை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவு சொல்ல முடியாது. அதற்கு அந்த உரிந்த சட்டை வேண்டியிருந்தது. நல்ல ஏற்பாடு அது, யோசித்துப் பாருங்கள். உயிருள்ள தேளைப் பிடித்து அமுக்கி, கொடுக்குக்குப் பயந்துகொண்டே பார்க்க வேண்டியதில்லை. அது கழற்றிப் போட்ட சட்டையில் கை, கால், கொடுக்கு, அடிவயிறு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஊசிமுனையால் மெல்ல நீவி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார் ரேஞ்சர். பையனை முதலில் பார்க்கவிட்டார்.

கொடுக்கின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே, ரோஜா முள்ளைத் தேய்த்துவிட்டது போல ஒரு சின்னப் புடைப்பு. பட்டைத் தேளுக்கு அது உண்டு. அரிசோனாவில் வீட்டுப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் மற்றத் தேள்களுக்குக் கிடையாது. அடுத்து அடிப்பக்கம். கால்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பட்டைத் தேளின் குடும்பத்தில் அது முக்கோணமாக இருக்கும், மற்றவற்றில் ஐங்கோணம். இதில் முக்கோணம்.

பிறகு ரேஞ்சர் காட்டியது பையனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தேளின் இடுக்கிக் கைகளில் மெல்லிய உணர்முடிகள் சில உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கிண்ணத்துக்குள்ளிருந்து முளைக்கும். காற்று அசைந்தாலே தேளுக்குத் தெரிவது அவற்றால்தான். பிரெஞ்சு ஆய்வாளர் மாக்ஸ் வஷோன் 1970களில் இவற்றை எண்ணி, எந்த முடி எங்கே என்று வரைபடம் போட்டார். பட்டைத் தேள் குடும்பத்துக்கு ஒரு கையில் அடிப்படைக் கணக்கு 39. அரிசோனாவின் மற்றச் சாதாரணத் தேள்களுக்கு 48, சிலவற்றுக்கு அதற்கும் மேல். பெரும்பாலான தேள்களில் இந்த எண்ணிக்கை வயதோடு மாறுவதில்லை. வயிற்றுக்கடியில் சீப்பு மாதிரி இருக்கும் உறுப்பின் பற்களும் அப்படித்தான், பிறக்கும்போது எத்தனையோ கடைசிவரை அத்தனை. நிறம் மாறும், பருமன் மாறும், கை தடிக்கும். இந்த முடிகளும் பற்களும் மட்டும் பிறந்தபோது இருந்த கணக்கிலேயே நிற்கும்.

சட்டையில் முடி இருந்த குழிகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லிப் பையன் எண்ணினான். முதல் தடவை 36 வந்தது. இரண்டாவது தடவை 38. மூன்றாவது தடவை ரேஞ்சரும் சேர்ந்து எண்ணினார், 39.

தொங்கிய மூன்றும் பட்டைத் தேள்தான். மற்ற இரண்டையும் அவர் டப்பாவுக்கு வெளியிலிருந்தே லென்ஸ் வைத்துக் கொடுக்கின் புடைப்பைப் பார்த்து உறுதி செய்தார்.

அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். பாப்பாவைக் கொட்டியிருந்தால்? ரேஞ்சர் மழுப்பவில்லை. பெரியவர்களுக்கு இந்தத் தேள் கொட்டினால் கடும் வலி, மரமரப்பு, ஒன்றிரண்டு நாள் அவஸ்தை. சின்னக் குழந்தைகளுக்குக் கண்மணி நிலைகொள்ளாமல் உருளும், கை கால் தூக்கிப் போடும், எச்சில் வழியும், மூச்சுக்குத் திணறும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் அனாஸ்கார்ப் என்ற விஷமுறிவு மருந்துக்கு அமெரிக்க அரசு 2011இல் அனுமதி கொடுத்தது. அதை ஏற்றினால் சில மணி நேரத்தில் குழந்தை சரியாகிவிடும். இந்தக் காலத்தில் சாவு மிக அபூர்வம். குட்டித் தேளுக்குப் பெரிய தேளைவிட விஷம் அதிகம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அது கட்டுக்கதை, குட்டியிடம் விஷத்தின் அளவே குறைவு. “ஆனால், உங்கள் குழந்தையின் எடையும் குறைவு” என்றார்.

இதையெல்லாம் அம்மா அப்பத்தாவுக்குத் தமிழில் சொன்னார். அப்பத்தா கேட்டுக்கொண்டார். “மருந்து இருக்குல்ல?” என்று மட்டும் திருப்பிக் கேட்டார். இருக்கு அத்தை என்றதும், பேத்தியின் தலையைத் தடவிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற கள்ளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பையனுக்கு ஒரு சந்தேகம். அப்பத்தா மைக்ராஸ்கோப்பே இல்லாமல் மூன்றாம் நாளே எப்படிச் சொன்னார்? ரேஞ்சரின் மேஜையில் இருந்த தடித்த புத்தகத்தில் தேடியபோது விடை கிடைத்தது. நம்மூர்ச் செந்தேளும் இந்தப் பட்டைத் தேளும் பியூத்திடே என்ற ஒரே குடும்பம். கடல் தாண்டி இருக்கும் பங்காளிகள். இரண்டுக்கும் மெலிந்த இடுக்கிக் கைகள், இரண்டுக்கும் முக்கோண மார்புத் தகடு. செந்தேளின் அறிவியல் பெயரைப் பையன் உரக்கப் படித்தான்: ஹாட்டன்டோட்டா டாமுலஸ். டாமுலஸ் என்றால் தமிழ் என்கிறதைத்தான் குறிக்கிறது. டென்மார்க் நாட்டு விலங்கியலாளர் ஃபேப்ரிசியஸ் 1798இல் வைத்த பெயர். தமிழை உலக அறிவியலில் எங்கெல்லாமோ தேடுகிறோம், அது இப்படி ஒரு கொடுக்கின் நுனியிலும் போய் உட்கார்ந்திருக்கிறது.

சரி, குழி பறித்த நாலாவது குட்டி? அதை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, கிண்ணத்தைத் தூக்கி அடியிலிருந்து பார்த்தார்கள். மார்புத் தகடு ஐங்கோணம். கொடுக்கில் புடைப்பு இல்லை. கைகள் மற்ற மூன்றையும்விடக் கொஞ்சம் உருண்டிருந்தன. வாலின் அடிப்பக்கத்தில், லென்ஸ் வைத்தால் மட்டுமே தெரிகிற அளவுக்கு, நீளவாக்கில் மெல்லிய கருங்கோடுகள் தொடங்கியிருந்தன. வரிவால் தேள். அரிசோனாவில் சர்வசாதாரணமாகக் கிடைப்பது. கல்லுக்கடியில் மண்ணைத் தோண்டி இருக்கும், சுவரில் ஏறாது, கொட்டினால் வலியோடு போய்விடும். சீட்டில் எழுதியிருந்த டெசர்ட் ஹேரி அந்த டப்பாவில் ஒன்றுகூட இல்லை.

பட்டைத் தேள்கள் மூன்றையும் பூங்காவின் காட்சிப் பெட்டிக்கு எடுத்துக்கொள்வதாக ரேஞ்சர் சொன்னார். பையன் பேரம் பேசவில்லை. ஒவ்வொன்றாக அவை வேறு கண்ணாடித் தொட்டிக்குப் போவதைக் கை கட்டி நின்று பார்த்தான். நாலாவதைப் பற்றி அம்மாதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் ரேஞ்சரைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார்.

“மண்ணுக்குள்ள கெடக்கிறதுதான? கெடந்துட்டுப் போகட்டும். மரப்பட்ட மட்டும் வேணாம்” என்றார் அப்பத்தா.

வரிவால் தேள் இப்போது கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. மூடியில் பூட்டு. மணல் நாலு அங்குலம், மேலே ஒரு தட்டையான ஓடு, ஏறுவதற்கு எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை எறும்பளவு சுவர்க்கோழிக் குஞ்சு. வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் சாப்பிடாமல் எட்டு நாள் மண்ணுக்குள்ளேயே இருந்தது. செத்துவிட்டது என்று பையன் நினைத்தபோது, சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, கால் பங்கு பெரிசாகி வெளியே வந்தது. வாலின் கோடுகள் இப்போது லென்ஸ் இல்லாமலேயே தெரிகின்றன. உரித்த சட்டையைப் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறான்.

ஜனவரியில் அப்பத்தா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பேத்தியைக் கொஞ்சி முடித்ததும், “அது மூடியப் பூட்டினியா?” என்பார். கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்ட வேண்டும்.

தொட்டியின் மேல் பையன் எழுதி ஒட்டியிருக்கும் புதுச் சீட்டில் நாலு வரிகள். ஜாதி: வரிவால் தேள். பார்த்துச் சொன்னது: பூங்கா ரேஞ்சர், தேதியுடன். பிடித்த இடம்: தெரியாது. ஆணா, பெண்ணா என்ற கடைசி வரிக்கு எதிரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி. சீப்புப் பற்களை எண்ணிப் பார்க்க அடுத்த சட்டைக்காகக் காத்திருக்கிறான்.